நரேட்டிவ் தெரபியைத் தமிழ்ல பண்றவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வைகைக்கரை_மிஸ்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல கவுன்சிலரா இருக்கேன், எம்எஸ்டபிள்யூ (சோஷியல் வொர்க்ல மாஸ்டர்ஸ்) முடிச்சு நாலு வருசம் ஆகுது. போன மே லீவுல நரேட்டிவ் தெரபி (பிரச்சனையை ஆளுகிட்ட இருந்து பிரிச்சு வச்சு, அவங்க கதையை அவங்களே வேற மாதிரி சொல்ல உதவுற கவுன்சிலிங் முறை) ட்ரெய்னிங் ஒண்ணு ஆன்லைன்ல அட்டெண்ட் பண்ணேன், மூணு நாள், முழுக்க இங்கிலீஷ், எடுத்தவங்க எல்லாம் வடக்க உள்ளவங்க. பொய் சொல்லக்கூடாது, ரொம்ப நல்லாவே இருந்துச்சு. "ஆளு பிரச்சனை இல்ல, பிரச்சனைதான் பிரச்சனை"ன்னு அவங்க சொன்னப்ப சினிமா பஞ்ச் டயலாக் மாதிரி இருக்கேன்னு முதல்ல சிரிச்சேன், ஆனா மூணாவது நாள் முடியறப்ப எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைங்களுக்குப் பட்டம் கட்டுறோம்னு நினைச்சா எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

சரி, பிரச்சனை இங்கதான். ஸ்கூல் திறந்ததும் ஏழாங்கிளாஸ் பையன் ஒருத்தனை எங்கிட்ட அனுப்புனாங்க. "கை நீளம் மிஸ், உங்க பேக்கைப் பாத்து வச்சுக்கோங்க"ன்னு வாசல்லயே சொல்லி, அவன் காதுல விழுற மாதிரி. ஜாமெட்ரி பாக்ஸ், பேனா, ஒருதடவை டிபன் பாக்ஸ் மூடி மட்டும் (மூடியை வச்சு என்ன பண்ணுனான்னு இன்னும் யாருக்கும் தெரியல). நான் ட்ரெய்னிங்ல சொன்ன மாதிரியே உக்காந்து, நோட்ஸ்ல இருந்த கேள்வியை மனசுக்குள்ள தமிழாக்கி, "இந்தப் பிரச்சனைக்கு நீ ஒரு பேர் வைக்கணும்னா என்ன பேர் வைப்ப?"ன்னு கேட்டேன்.

ரொம்ப நேரம் யோசிச்சுட்டு சொல்றான், "கணக்கு சார்னு வைக்கலாம் மிஸ்."

எனக்கு அடுத்து என்ன கேக்குறதுன்னே தெரியல. சிரிப்பை அடக்கிக்கிட்டு அனுப்பிட்டேன். ட்ரெய்னிங் குரூப்ல கேட்டா இங்கிலீஷ்ல இருபது கேள்வி உள்ள ஒரு ஷீட் அனுப்புறாங்க, அதைத் தமிழ்ல மாத்துனா அரையாண்டுப் பரீட்சை வினாத்தாள் மாதிரி இருக்கு.

அதனால கேக்குறேன், இது ஆஸ்திரேலியால பிறந்தது, மும்பை டெல்லி வரைக்கும் வந்து நல்லா வேர் பிடிச்சிருச்சுன்னு சொல்றாங்க, அங்க எப்படி வந்துச்சு, யார் பண்றாங்க, நம்ம பாஷைல யாராச்சும் பண்ணிப் பாத்தீங்களா? இல்ல பேசாம சிபிடியே (நினைப்பையும் பழக்கத்தையும் மாத்துற தெரபி) படிச்சுட்டு போயிரலாமா?

---

நைன்ட்டி_ஃபீட்_ரோடு:

மிஸ், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்தப் பையன் தப்பாப் பதில் சொல்லல, நீங்கதான் சரியான பதிலை வாங்கி வச்சுக்கிட்டு தப்புன்னு நினைச்சுட்டீங்க. பிரச்சனையை ஆளுக்குள்ள இருந்து வெளிய எடுத்து வைக்கணும்னு மூணு நாள் சொல்லிக்கொடுத்தாங்கல்ல, பையன் ரெண்டே வார்த்தைல வெளிய எடுத்து வச்சுட்டான். நீங்க கேக்க வேண்டியது "சரிடா, கணக்கு சார் உள்ள வர்றப்ப உனக்கு என்ன வருது, அது வந்தா உன் கை என்ன பண்ணுது"ன்னுதான்.

நான் தாராவில வளந்தவ, அப்பா அம்மா திருநெல்வேலி. பன்னெண்டு வருசமா இங்க பிள்ளைங்களோடதான் வேலை, தமிழ், ஹிந்தி, மராத்தி மூணும் கலந்து ஒரே வாக்கியத்துல வரும், மன்னிச்சுக்கோங்க.

கதை இதுதான். அடிலெய்டுல மைக்கேல் வைட்னு ஒரு சோஷியல் வொர்க்கர், டாக்டர் இல்ல, இதை நம்ம ஆளுங்க நோட் பண்ணணும். 1983ல டல்விச் சென்டர்னு ஒரு இடத்தை அங்க ஆரம்பிக்கிறாங்க, அவரும் செரில் வைட்டும். நியூசிலாந்துல ஆக்லாந்துல டேவிட் எப்ஸ்டன். ரெண்டு பேரும் சேர்ந்து 1990ல எழுதுன புத்தகத்துல இருந்துதான் உலகம் பூரா பரவுச்சு. ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கும் முன்னாடி, 80கள்ல. நிக்கர்லயே ஆய் போயிர்ற பிள்ளைங்க, பெரிய பிள்ளைங்க, வீட்ல திட்டு, ஸ்கூல்ல கேலி. வைட் அந்தப் பிள்ளைங்ககிட்ட "ஏன் போன"ன்னு கேக்கல. அதுக்கு ஒரு பட்டப்பேரு வச்சாங்க, நம்ம பாஷைல சொன்னா "திருட்டு ஆய்". இந்தத் திருட்டு ஆய் எப்பெல்லாம் உன்னை ஏமாத்திட்டு நைசா வெளிய வருது, நீ எப்பவாச்சும் அதை ஏமாத்தி இருக்கியான்னு கேட்டாரு. அதுவரைக்கும் அவமானத்துல தலை குனிஞ்சுட்டு இருந்த பிள்ளை திடீர்னு போலீஸ்காரன் மாதிரி துப்புத் துலக்க ஆரம்பிக்குது. அம்மா அப்பாவும் பிள்ளை கட்சிக்கு மாறிடறாங்க. அவ்வளவுதான் விஷயம், மத்த தியரி எல்லாம் (ஃபூக்கோ, பேட்சன்னு பெரிய பேரெல்லாம் வரும்) அப்புறம் படிச்சுக்கலாம்.

இந்தியால எப்படி வேர் பிடிச்சுச்சுன்னா, நான் பாத்த வரைக்கும் மும்பைல உம்மீத் சைல்ட் டெவலப்மென்ட் சென்டர், 2001ல டாக்டர் விபா கிருஷ்ணமூர்த்தி ஆரம்பிச்சது, வளர்ச்சில சிரமம் உள்ள பிள்ளைங்களுக்கு. அவங்க மென்டல் ஹெல்த் டீம் இந்த வழியைக் கையில எடுத்து, தாங்களும் கத்துக்கிட்டு, டல்விச் சென்டர்காரங்களோட சேர்ந்து மத்தவங்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சாங்க. டெல்லில சில்ட்ரன் ஃபர்ஸ்ட்ல ஷெல்ஜா சென் இந்த வழிலதான் வேலை பண்றாங்க. டல்விச் சென்டரும் மெல்போர்ன் யுனிவர்சிட்டியும் சேர்ந்து இதுக்குன்னே ஒரு மாஸ்டர்ஸ் நடத்துறாங்க, அதைப் படிச்சுட்டு வந்து இங்க ட்ரெய்னிங் எடுக்குறவங்களும் இருக்காங்க.

ஏன் இந்த இடத்துல வேர் பிடிச்சுச்சுன்னு யோசிச்சா எனக்குத் தோணுறது, சிரமம் உள்ள பிள்ளையோட அம்மாவை நினைச்சுப் பாருங்க, எங்க போனாலும் ஒரு ஃபைல், அந்த ஃபைல்ல என்ன வரல, எது லேட்டு, எதுல எத்தனை பர்சன்ட் கம்மின்னு மட்டும்தான். அந்த அம்மாகிட்ட ஒருத்தர் உக்காந்து "இவன் என்ன பண்ணா உங்களுக்குச் சிரிப்பு வரும்"னு கேட்டா அழுதுருவாங்க. நான் பாத்திருக்கேன். இன்னொரு காரணம், இதுக்கு எம்.ஃபில் வேணும்னு கட்டாயம் இல்ல, ஸ்பெஷல் எஜுகேட்டர், பஸ்தில (குடிசைப் பகுதி) வேலை பாக்குற தீதி (அக்கா) யார் வேணா கத்துக்கலாம்.

மரம் வரையறது தெரியும்ல, ட்ரீ ஆஃப் லைஃப்? அது ஆஸ்திரேலியா சரக்கே இல்ல. ஜிம்பாப்வேல புலவாயோல, எய்ட்ஸால அப்பா அம்மாவை இழந்த பிள்ளைங்களுக்கு கேம்ப் நடத்துறப்ப ந்காசெலோ ந்குபேன்னு ஒரு சைக்காலஜிஸ்ட், டேவிட் டென்பரோவோட சேர்ந்து இந்த உருவத்துக்குக் கொண்டு வந்தாங்க. நேரா செத்தவங்களைப் பத்திப் பேசச் சொன்னா பிள்ளைங்க உடைஞ்சு போயிர்றாங்க, அதனால முதல்ல நிக்குறதுக்கு ஒரு இடம். வேர்ல எங்க இருந்து வந்தோம், தரைல இப்ப தினமும் என்ன பண்றோம், தண்டுல நமக்கு என்ன தெரியும், கிளைல ஆசை, இலைல வேண்டியவங்க, பழத்துல மத்தவங்க நமக்குக் குடுத்தது. எல்லா மரத்தையும் சுவத்துல ஒட்டி காடு ஆக்கிட்டு அப்புறம்தான் புயலை, அதாவது வாழ்க்கைல வந்த கஷ்டத்தைப் பத்தியே பேச்சு எடுப்பாங்க.

எங்க கல்லில (சந்து) பிள்ளைங்களுக்கு மரம்னா என்ன தெரியும்? பதினொரு வயசுப் பையன் ஒருத்தன் சுவத்து விரிசல்ல முளைச்ச அரசமரத்தை வரைஞ்சான், வேரு எல்லாம் பக்கத்துல போற தண்ணி பைப்பைச் சுத்திக்கிட்டு. நான் சார்ட்ல அழகா தரை போட்டு வச்சிருந்தேன், அவன் அதைக் கண்டுக்கவே இல்ல. வேர்ல "ஆச்சி, ஆச்சி திட்டு" ரெண்டையும் தனித்தனியா எழுதுனான், ஸ்பெல்லிங் ஹிந்தில. பழத்துல "எதிர் வீட்டு பாயம்மா குடுக்குற ஷீர் குர்மா". கார்ப்பரேஷன்காரன் வந்து மரத்தை வெட்டிட்டா என்னடா பண்ணுவன்னு பக்கத்துப் பையன் கேட்டதுக்கு "மூணு தடவை வெட்டிட்டான், உனக்குத் தெரியாதா"ன்னான். புயலைப் பத்தி நான் பேச்சே எடுக்கல, அவங்களே எடுத்துட்டாங்க.

பாஷைக்கு வர்றேன். மிஸ், நம்ம தமிழ்ல இது பாதி ஏற்கெனவே இருக்கு. இங்கிலீஷ்காரன் "நான் கோவம்"ங்கிற மாதிரி சொல்றான், நாம "எனக்குக் கோவம் வருது"ங்கிறோம். பயம் பிடிச்சுக்குது, சோம்பல் ஒட்டிக்குது, சந்தேகம் குடையுது, தூக்கம் தள்ளுது. எல்லாம் வெளிய இருந்து வந்து போறதுதான். கெடுத்தது யாருன்னா கோவக்காரன், சோம்பேறி, மக்கு, கை நீளம்னு ஆள் மேல ஒட்டுற அந்த வார்த்தைங்க. அதனால கேள்வியை மொழிபெயர்க்காதீங்க. பிள்ளை என்ன வார்த்தை சொல்லுதோ அதையே பிடிச்சுட்டு "அது எப்ப வரும், வந்தா எங்க உக்காரும், யார் இருந்தா வராது"ன்னு போங்க. "ஏன்"ங்கிற வார்த்தையை மட்டும் ஒரு மாசம் லாக்கர்ல வச்சுருங்க, நம்ம ஊர்ல "ஏன்"னு கேட்டா அது கேள்வி இல்ல, அடிக்கு முன்னாடி வர்ற சத்தம்.

---

ரெண்டு_பிள்ளைக்காரி:

கடைசி வரி 😭 எங்க அம்மா ஞாபகம் வந்துருச்சு

---

சந்தேகப்பிராணி:

எல்லாரும் ரொம்ப உருகிட்டு இருக்கீங்க, நான் கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுப் போறேன். நான் சென்னைல க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆர்சிஐ (ரிஹேபிலிட்டேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா) ரெஜிஸ்டர்டு.

ஒண்ணு, சிபிடிக்குப் பின்னாடி இருக்குற அளவுக்கு கன்ட்ரோல்டு ட்ரையல் (ஆளுங்களை குரூப்பா பிரிச்சு ஒப்பிட்டுப் பாக்குற ஆராய்ச்சி) நரேட்டிவ் தெரபிக்குக் கிடையாது. இதை அவங்களே ஒத்துக்குவாங்க, "எங்க வேலையை மார்க் போட்டு அளக்க முடியாது"ன்னும் சிலர் சொல்லுவாங்க, அந்த பதில் எனக்கு ஒத்து வரல. அளக்க முடியாதுன்னா எங்க நல்லது பண்ணுது எங்க பண்ணலன்னு எப்படித் தெரியும்?

ரெண்டு, யார் வேணா கத்துக்கலாம்னு மேல ஒருத்தங்க பெருமையாச் சொன்னாங்க. அதுதான் எனக்குப் பயம். நம்ம நாட்டுல கவுன்சிலர்னு போர்டு மாட்டுறவங்ககிட்ட நடைமுறைல யாரும் லைசென்ஸ் கேக்குறது இல்ல. மூணு நாள் ஜூம்ல உக்காந்துட்டு இன்ஸ்டா பயோல "நரேட்டிவ் தெரபிஸ்ட்"னு போட்டவங்க ரெண்டு பேரை எனக்கே தெரியும். அதுல ஒருத்தர்கிட்ட எட்டு மாசம் போயிட்டு எங்கிட்ட வந்த ஒரு பொண்ணு, காலேஜ் செகண்ட் இயர், தெளிவா ஓசிடி (ஒரே நினைப்பும் செயலும் விடாம திரும்பத் திரும்ப வர்ற நோய்), கை கழுவி கழுவி தோல் உரிஞ்சு போயிருந்துச்சு. எட்டு மாசமா அதுக்குப் பேர் வச்சு லெட்டர் எழுதிட்டு இருந்திருக்காங்க. லெட்டர் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, நான் படிச்சேன். ஆனா ஓசிடிக்கு எக்ஸ்போஷர் வேலைன்னு (பயப்படுறதைக் கொஞ்சம் கொஞ்சமா நேருக்கு நேர் சந்திக்க வைக்கிறது) ஒண்ணு இருக்கு, அதுக்கு அனுப்பி இருக்கணும்ல?

மூணாவது, இதுதான் நீங்க யாரும் பேசாதது. வெளிய இருந்து "அது" வருதுன்னு சொல்றது ஆஸ்திரேலியால புதுசா இருக்கலாம். நம்ம ஊர்ல "அது வந்துருச்சு"ன்னு சொன்னா வீட்ல வேப்பிலையைத் தேடுவாங்க. ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடில 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி மனநோயாளிங்களை வச்சிருந்த கொட்டகை தீப்பிடிச்சப்ப சங்கிலில கட்டிப்போட்டு இருந்த 28 பேர் ஓட முடியாம செத்தாங்க. அவங்களை அங்க கொண்டு போய் விட்ட குடும்பம் எல்லாம் கெட்டவங்க இல்ல, "இவன் இல்ல, இவனைப் பிடிச்சது"ன்னு நம்புனவங்கதான். ஆளு வேற பிரச்சனை வேறன்னு நாம ரொம்ப காலமா சொல்லிட்டுதான் இருக்கோம். அதனால குரல் கேக்குதுன்னு ஒரு பையன் வந்து உக்காந்தான்னா தயவுசெஞ்சு குரலுக்குப் பேர் வச்சு விளையாட வேணாம் மேடம், சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட அனுப்புங்க. சாகணும்னு பேசுற பிள்ளை கிடைச்சா உடனே வீட்டுக்கும் ஜிஹெச்சுக்கும் சொல்லுங்க, 14416, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பரை ரூம் கதவுல ஒட்டி வைங்க, தமிழ்லயே பேசுவாங்க.

ஸ்கூல் பசங்க சேட்டைக்கு உங்க மரம், பேரு எல்லாம் தாராளமாப் பண்ணுங்க, கெடுதல் இல்ல.

---

நைன்ட்டி_ஃபீட்_ரோடு:

ஓசிடி பொண்ணு விஷயத்துல உங்க பக்கம்தான் சார் நான், அனுப்பி இருக்கணும். அதுக்குத்தான் சூப்பர்விஷன்னு ஒண்ணு. ட்ரெய்னிங் எடுக்குறவங்க சர்டிபிகேட் குடுத்துட்டுப் போயிர்றாங்க, அப்புறம் மாசாமாசம் உக்காந்து கேஸ் பேச ஆளு கிடைக்குறது இல்ல, கிடைச்சாலும் இங்கிலீஷ்ல. இந்த வேலை நம்ம நாட்டுல வளரலன்னா அதனாலதான் வளராது.

பேய் விஷயம், நல்ல பாயின்ட், ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. பூசாரிகிட்ட போனா யார் முடிவு பண்றா? பூசாரி. அவர்தான் பேரைக் கேக்குறாரு, அவர்தான் விரட்டுறாரு, பேய் பிடிச்சிருக்குன்னு கூட்டிட்டுப் போன பொண்ணுகிட்ட "இது உனக்கு வேணுமா வேணாமா, பாதி வேணுமா"ன்னு யாரும் கேக்கல. இங்க அதைத்தான் கேக்குறோம். சில பிள்ளைங்க "கோவம் கொஞ்சம் இருக்கட்டும் தீதி, அது இல்லன்னா என்னை அடிச்சுருவாங்க"ன்னு சொல்லும். அப்ப விரட்டக்கூடாது.

---

பனங்கூடல்:

வணக்கம். நான் வடமராட்சி, இப்ப கனடா. உங்கடை ஊரிலை கவுன்சிலர் எண்டுறதை நாங்கள் உளவளத்துணையாளர் எண்டு சொல்லுவம். சுனாமிக்குப் பிறகு ரெண்டரை வருசம் முகாமுகளிலை அந்த வேலைதான் செய்தனான். சந்தேகப்பிராணி அண்ணை ஆதாரம் கேட்டபடியால் முதலிலை ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுறன், ஏனெண்டால் எங்கடை ஆக்களே இதிலை மாறி மாறிக் கதைக்கிறவை.

நரேட்டிவ் தெரபி வேறை, நரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி வேறை. ரெண்டாவது ஜெர்மனியிலை கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக ஆக்கள் (ஷவர், நொய்னர், எல்பேர்ட்) செய்தது. பிறந்ததிலை இருந்து வாழ்க்கையை ஒரு கயிறாப் போட்டு, நல்லதுக்குப் பூ, கெட்டதுக்குக் கல்லு வைச்சு, அந்தக் கல்லு ஒவ்வொண்டையும் முழுசாத் திருப்பிச் சொல்ல வைக்கிறது. அதுக்கு ஆராய்ச்சி நிறைய இருக்கு, எந்த நோய்க்கு என்ன சிகிச்சை எண்டு வழிகாட்டி போடுற இங்கிலாந்து நைஸ் அமைப்பின்ரை 2018 வழிகாட்டியிலும் மனவடுவுக்கு அது இருக்கு. எங்கடை வடகிழக்கிலேயே சுனாமி நடந்த கையோடை 31 பிள்ளையளோடை அதைச் செய்து பார்த்தவை, செய்தது உள்ளூர் ஆக்கள். பாதிப் பேருக்கு அது, மிச்சப் பேருக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியும். பகிடி என்னெண்டால் ரெண்டு பக்கமும் தேறிச்சு, பெரிய வித்தியாசம் இல்லை. பேரிலை நரேட்டிவ் இருக்கு எண்டு ரெண்டையும் ஒண்டாக்கி, ட்ரெய்னிங்கிலை மாறிப் படிச்சிட்டு வந்து பிள்ளையைக் கல்லுக் கல்லாத் தோண்டினால் பிழையாப் போகும்.

மற்றது, இது எங்கடை நாடுகளுக்கு எப்பிடி வந்தது எண்டு தங்கச்சி கேட்ட கதை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்களிட்டை வராத ஆக்கள் இல்லை. ஒவ்வொரு கிழமையும் ஒரு வெள்ளை வான், ஒரு பெட்டி கிரெயோன். பிள்ளையளை அலை கீறச் சொல்லுவினம். ஒரு பெட்டை என்னட்டைக் கேட்டது, "மாஸ்டர், ஒரே அலையை எத்தினை தரம் கீறுறது, இந்த முறை வீட்டைக் கீறட்டோ" எண்டு. அந்த நேரம் சர்வைவர்ஸ் அசோசியேட்டட் எண்ட இலங்கை நிறுவனமும் டல்விச் சென்டரும் சேர்ந்து எழுதினவை, அதிலை உளவியல் காலனித்துவம் எண்டுற சொல்லை முதன்முதல் பார்த்து எனக்கு நெஞ்சிலை பட்டது. வெளியாலை இருந்து வந்து உன்ரை துக்கத்துக்கு நான் பேர் வைக்கிறன் எண்டுறது. நல்ல முறையெண்டாலும் அப்பிடித்தான், நரேட்டிவ் தெரபியும் விதிவிலக்கில்லை.

அதிலை எனக்கு உதவினது ஒரே ஒரு விசயம். என்ன நடந்தது எண்டு மட்டும் கேட்கிறேல்லை, நடக்கேக்கை நீ என்ன செய்தனி எண்டும் கேட்கிறது. முகாமிலை ஒரு அம்மா, கருவாடு போடுறவ, மனுசனும் மகனும் போயிட்டினம். மூண்டு மாதம் ஒருதரோடையும் கதைக்கேல்லை. ஆர் போய் இருந்தாலும் முகத்தைத் திருப்பிப் போடுவா. ஒருநாள் நான் கருவாட்டுக்கு உப்பு எவ்வளவு போடுறது எண்டு கேட்டு, பிறகு கதையோடை கதையா, அண்டைக்கு ஓடேக்கை கையிலை என்ன கொண்டு ஓடினியள் எண்டு கேட்டன். ஆணியிலை கொழுவியிருந்த பையை இழுத்துக்கொண்டு ஓடினவவாம். பையுக்கை தன்ரை கூப்பன் மட்டை (ரேசன் கார்டு) இல்லையாம், பக்கத்து வீட்டுக்காரி பத்திரமா வைச்சிரு எண்டு தந்த அவளின்ரை காணி உறுதி (உங்கடை ஊரிலை நிலப் பத்திரம்). "அவள் உயிரோடை இருக்கிறாள், உறுதியும் இருக்கு, இண்டுவரைக்கும் ஒரு நன்றி சொல்லேல்லை, வேசம் போட்டவள்" எண்டு ஏசினா பாருங்கோ, மூண்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சத்தம் அந்த ஏச்சுத்தான். நான் மரமும் கீறேல்லை, ஒண்டுக்கும் பேரும் வைக்கேல்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினன், அவ்வளவுதான். ரெண்டு பேரும் சண்டை பிடிச்சு, பிறகு குழறி அழுதவை. எங்கடை ஊரிலை செத்த வீட்டிலை ஒப்பாரி சொல்லேக்கை ஒருத்தி சொல்ல மற்றவள் தாங்கிப் பிடிக்கிறாள், அதையே இந்த நரேட்டிவ் தெரபி ஆக்கள் வெளிச் சாட்சி (ஒருத்தர் கதையைக் கேட்டு மற்றவர் தனக்குப் பட்டதைச் சொல்லுறது) எண்டு பேர் வைச்சுப் படிப்பிக்கினம் போலை.

தங்கச்சி, அந்தப் பொடியன்ரை டிபன் பெட்டி மூடி என்னாச்சு எண்டு கட்டாயம் கேளுங்கோ.

---

சந்தேகப்பிராணி:

பனங்கூடல் சார், அந்த ரெண்டு நரேட்டிவ் வித்தியாசத்தை ரொம்ப தெளிவாச் சொல்லிட்டீங்க, எங்க காலேஜ்லயே இதைக் குழப்பி எழுதுன அசைன்மென்ட்டுக்கு நான் மார்க் குறைச்சிருக்கேன். காணி உறுதி விஷயம் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சுட்டேன். ஆனாலும் 31 பிள்ளைங்க சின்ன எண்ணிக்கை, அதையும் சொல்லிடறேன்.

---

நைன்ட்டி_ஃபீட்_ரோடு:

வெளிய இருந்து வந்து பேர் வைக்குறதுன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஆப்பிரிக்கால மலாவி நாட்டுல 90கள்ல எய்ட்ஸ் வந்தப்ப கிராமத்துல யாரும் வாயைத் திறக்கல, அசிங்கம்னு. அங்க கேர் கவுன்சிலர்ஸ்னு உள்ளூர் ஆளுங்க, இவோன் ஸ்லீப்னு ஒருத்தங்களோட சேர்ந்து என்ன பண்ணாங்கன்னா, ஒருத்தர் எழுந்து நின்னு "நான்தான் எய்ட்ஸ்"னு வேஷம் கட்டி நிப்பாரு, ஊர் சனம் சுத்தி உக்காந்து கேள்வி கேக்கும், நீ எங்க வீட்டுக்குள்ள எப்படி வந்த, உனக்கு எதைப் பாத்தா பயம்னு. அப்புறம் "நான்தான் அக்கறை"ன்னு இன்னொருத்தங்க எழுந்து நிப்பாங்க, அவங்ககிட்டயும் கேள்வி. நம்ம கூத்துல கட்டியங்காரன் வந்து எல்லாரையும் போட்டு வாங்குற மாதிரியே இல்ல? அதைப் பத்தி அவங்க எழுதுனதுக்கு வச்ச தலைப்பு அங்க பேசுற சிச்சேவா பாஷைப் பழமொழி ஒண்ணு, கொஞ்சம் கொஞ்சமா சேத்தா ஒரு கட்டு ஆயிரும்னு அர்த்தம், விறகுக் கட்டு மாதிரி. இது எதுவும் அடிலெய்டுல இருந்து பார்சல்ல வரல. மிஸ், உங்க ஸ்கூல்ல வருசா வருசம் நாடகம் போடுவீங்கல்ல, "நான்தான் மொபைல் போன்"னு ஒரு பிள்ளையை நிக்க வச்சுப் பாருங்க, எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க கிழிச்சுத் தோரணம் கட்டிரும்.

---

வைகைக்கரை_மிஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பதில் போட மூணு வாரம் ஆயிருச்சு, நடுவுல மிட் டெர்ம், ஜோனல் ஸ்போர்ட்ஸ்னு என்னை எல்லா வேலைக்கும் இழுத்துட்டாங்க.

நடந்ததைச் சொல்றேன். ஷீட்டை எல்லாம் பீரோல வச்சுட்டு, அவனை ரூம்ல உக்கார வைக்காம கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். கணக்கு சார் வந்தா உனக்கு என்னடா வருதுன்னு கேட்டேன். "கை குறுகுறுங்கும் மிஸ்." சரி, அந்தக் குறுகுறு எப்ப வரும்? மூணாவது பீரியட் பெல் அடிக்குறதுக்கு முன்னாடி. எப்பல இருந்து? அஞ்சாவதுல இருந்து. அப்புறம்தான் கதை வருது, அஞ்சாவதுல காம்பஸ் கொண்டு வராததுக்கு (கணக்கு சார் இல்ல, அது வேற ஸ்கூல் வேற சார்) முட்டிக்குக் கீழ அடி வாங்கி இருக்கான், வீட்ல பாக்ஸ் வாங்க காசு இல்ல, அப்ப பக்கத்துப் பையனோடதை எடுத்து அன்னைக்கு அடில இருந்து தப்பிச்சிருக்கான். அதுக்கப்புறம் கணக்கு பீரியட்னாலே கை தானா போகுதாம். இங்க உள்ள கணக்கு சார் அடிக்குற ஆளே இல்ல, பாவம், குரல்தான் பெருசு.

டிபன் மூடி: வட்டம் போட. சிரிக்காதீங்க. அன்னைக்கு காம்பஸ் கிடைக்கல, மூடியை வச்சு நோட்டுல வட்டம் போட்டு வச்சிருக்கான், காட்டுனான், ரொம்ப கரெக்டா இருந்துச்சு.

குறுகுறு வந்தும் நீ கையை நீட்டாம இருந்தது எப்பவாச்சும் உண்டான்னு கேட்டேன். ரொம்ப நேரம் இல்லன்னே சொன்னான். அப்புறம் கிளம்புறப்ப வாசல்ல நின்னுட்டு, "ஆயாம்மாவோட சுருக்குப்பை கீழ கிடந்துச்சு மிஸ், அப்ப எடுத்துக் குடுத்துட்டேன், அது சேருமா"ன்னான். ஆயாம்மாவைக் கேட்டா "ஆமா, இவன்தான் ஓடியாந்து குடுத்தான், உள்ள முந்நூறு ரூவா இருந்துச்சு, எண்ணிப் பாத்துக்கங்கன்னு வேற சொன்னான் பெரிய மனுசன் மாதிரி"ன்னு அவன் முன்னாடியே சொன்னாங்க. அவன் காதெல்லாம் சிவந்துருச்சு.

இதோட எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைக்காதீங்க. போன வியாழக்கிழமை ஒரு ஷார்ப்னர் காணோம், இவன் பைல இருந்துச்சு. மறுநாள் காலைல அதைத் தொலைச்ச பிள்ளை டெஸ்க்ல திரும்ப இருந்துச்சு, யார் வச்சான்னு நான் கேக்கல. ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர் "திருட்டுக்குச் செல்லப்பேரு வச்சா திருட்டு இல்லன்னு ஆயிருமா மிஸ்"னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க, எனக்கு அப்ப பதில் வரல, வீட்டுக்கு வந்தப்புறம் பத்து பதில் வந்துச்சு. சந்தேகப்பிராணி சார் சொன்ன நம்பரைக் கதவுல ஒட்டிட்டேன். நாலு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி என் ரூம்ல வச்சிருக்கேன், யார் வேணா காலைல எடுத்துட்டு சாயந்திரம் வைக்கலாம்னு, கையெழுத்து எல்லாம் கேக்குறது இல்ல. இதுவரைக்கும் நாலும் திரும்பி வந்துட்டு இருக்கு, ஒண்ணுல மட்டும் புரொட்ராக்டர் இல்ல.

இப்ப அவனுக்கு ஒரு சர்டிபிகேட் குடுக்கலாம்னு எழுதிட்டு இருக்கேன், ட்ரெய்னிங்ல சொன்ன மாதிரி. "குறுகுறுவை அடக்கியவர்"னு எழுதிக் காட்டுனேன். படிச்சுட்டு, "அடக்கல மிஸ், பழக்கிட்டு இருக்கேன். எங்க மாமா வீட்டுக் கண்ணுக்குட்டியை அப்படித்தான் பழக்குறாங்க"ன்னு சொல்லி பேனாவை வாங்கி அவனே அடிச்சு மாத்திட்டான். ஹெச்எம் கையெழுத்துப் போட ஒத்துக்கிட்டாங்க, ஆனா ஸ்கூல் ரவுண்டு சீல் வைக்கணும்னா ஆபீஸ்ல லெட்டர் குடுக்கணுமாம், என்ன விஷயம்னு அதுல எழுதணுமாம். என்னன்னு எழுதுறது?

---

நைன்ட்டி_ஃபீட்_ரோடு:

"கால்நடை பராமரிப்பு"ன்னு எழுதுங்க 😂 சீல் வராட்டி பரவாயில்ல, ஆயாம்மாகிட்ட சாட்சிக் கையெழுத்து வாங்குங்க, அதுக்குத்தான் வெயிட்டு ஜாஸ்தி. ரெடியானதும் பேரை மறைச்சு போட்டோ அனுப்புங்க மிஸ், இங்க என் பிள்ளைங்களுக்குக் காட்டுறேன்.

---

வைகைக்கரை_மிஸ்:

ஆயாம்மாவுக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுதான், நீல மை நானே வாங்கிட்டு வர்றேன். போட்டோ அனுப்புறதுக்கு அவன்கிட்ட கேட்டுட்டு சொல்றேன் அக்கா.